தரையோடு தரையாக ஒரு கன்வேயர்: செயினா ரோலரா என்பதற்கு முன்னால்

கோவைப் பக்கம் பம்பு பாடிகளை வார்த்து மெஷினிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் நண்பர் கேட்ட கேள்வி இது. மெஷின் ஷாப்பிலிருந்து பெயின்ட் பூத் வரை 18 மீட்டர். ஒரு பேலட்டின் (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டு) எடை சரக்கோடு 1,500 கிலோ. இப்போது இரண்டு ஃபோர்க்லிஃப்ட்கள் நாள் முழுக்க இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வழியில் ஆட்கள் நடக்கிறார்கள், இரண்டு முறை மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு குறுக்குப் பாதை இருப்பதால் மேடாக எதையும் வைக்க முடியாது. தரைக்குச் சமமாகக் கன்வேயர் போட்டால், பேலட்டைச் செயின்களின் மேல் வைத்து இழுப்பது நல்லதா, சுழலும் ரோலர்களின் மேல் ஓட்டுவது நல்லதா? எத்தனை கிலோவாட் மோட்டார் வேண்டும்?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் தரைமட்டக் கன்வேயர் சம்பந்தமாக நான் பார்த்த பெரிய தவறுகளில் மோட்டார் தவறு ஒன்றுகூட இல்லை. பேலட்டின் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ஆர்டர் போட்டது, கன்வேயரின் மேல் எது ஏறிக் கடக்கும் என்று யோசிக்காதது, கன்வேயர் இறங்கி உட்காரும் குழியைச் சிவில் ஆட்களின் பொறுப்பு என்று விட்டுவிட்டது, இந்த மூன்றில்தான் பணம் கரைந்திருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒரு பேலட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். மரப் பேலட் என்றால் அடியில் மூன்று பலகைகள் ஒரே திசையில் ஓடும். ரோலர் கன்வேயரில் அந்த அடிப்பலகைகள் பயணத் திசையிலேயே ஓட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பலகையும் எப்போதும் சில ரோலர்களின் மேல் படிந்திருக்கும். குறுக்காக வைத்தால் பலகை ஒவ்வொரு இடைவெளியிலும் இறங்கி ஏறும், முனை உடைந்து ரோலருக்கு நடுவில் சிக்கும். செயின் கன்வேயரில் இதற்கு நேர்மாறு: அடிப்பலகைகள் செயினுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் பலகையைத் தொடாமல் வெற்றிடத்துக்கு அடியில் ஓடும். லைன் 90 டிகிரி திரும்பும் இடங்களில் ரோலரிலிருந்து செயினுக்கு மாற்றுவது இதனால்தான். பேலட் திரும்புவதில்லை, பயணத் திசைதான் மாறுகிறது; அடிப்பலகை தானாகவே சரியான பக்கம் வந்துவிடும்.

வார்ப்படத் தொழிற்சாலைகளில் பாதி இடங்களில் மரப் பேலட்டே இருக்காது. நான்கு கால் வைத்த இரும்புத் தொட்டிகள்தான் இருக்கும். அந்தக் கால்கள் ரோலரிலும் ஓடாது, செயினிலும் நிற்காது. உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் கன்வேயருக்கு ஆகும் செலவோடு, எல்லாத் தொட்டிகளின் அடியிலும் ஒரு செவ்வகச் சட்டம் வெல்டிங் செய்யும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில், முனைகளை உருட்டி விட்ட சட்டம். இதை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். அது இருந்தால் அதே தொட்டி ரோலரிலும் போகும், செயினிலும் போகும். இதன் பலன் பிறகு தெரியும்.

அடுத்தது கணக்கு. பேலட்டுக்கு ஒன்றரை மீட்டர் விட்டால் 18 மீட்டரில் 12 பேலட் நிற்கும். மொத்தம் 18,000 கிலோ. வேகம் நிமிடத்துக்கு 10 மீட்டர் போதும். இந்த எடையில் அதற்கு மேல் போவது வம்பு.

பிளாஸ்டிக் பட்டையின் மேல் வழுக்கிப் போகும் செயினுக்கு உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.2 என்று வைக்கலாம். 18,000 கிலோவையும் ஒரே டிரைவில் (மோட்டாரும் கியரும் சேர்ந்தது) இழுத்தால் 3,600 கிலோ இழுவிசை, அதாவது சுமார் 35 கிலோநியூட்டன். விநாடிக்கு ஆறில் ஒரு மீட்டர் வேகத்தில் அது 5.9 கிலோவாட். கியர், பேரிங் இழப்புகளையும் சேர்த்து 80 சதவீதத் திறன் என்று வைத்தால் 7.4 கிலோவாட். அப்படியானால் 7.5 கிலோவாட் மோட்டார் விளிம்பில் நிற்கும், அடுத்த அளவுக்குத்தான் போக வேண்டும். இதைவிட முக்கியம் செயின். இரண்டு செயின் என்றால் ஒவ்வொன்றிலும் 17.6 கிலோநியூட்டன். 25.4 மி.மீ. பிட்ச் (இணைப்புக்கு இணைப்பு உள்ள தூரம்) கொண்ட 16பி என்ற அளவுச் செயினின் குறைந்தபட்ச உடைவு விசை 60 கிலோநியூட்டன். பாதுகாப்புக் காரணி, அதாவது உடைவு விசை இழுவிசையைப் போல எத்தனை மடங்கு என்பது, 3.4தான் வருகிறது. கன்வேயருக்கு நான் ஏழு, எட்டுக்குக் கீழே போக மாட்டேன். அதற்கு 38.1 மி.மீ. பிட்ச் உள்ள 24பி வேண்டும். ஸ்ப்ராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்), ஷாஃப்ட், பேரிங் எல்லாம் அதோடு பெரிதாகும், குழியும் ஆழமாகும்.

பம்பு பாடியை ஒரு பக்கமாக அடுக்கிவிட்டால் ஒரு செயின் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு எடையைச் சுமக்கும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு செயினும் ஒரே ஷாஃப்டில் ஓட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். தனித்தனி டிரைவ் வைத்தால் பேலட் கோணலாகும்.

அதே லைனை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் மூன்று மீட்டர், இரண்டு பேலட், தனி மோட்டார் என்று வைத்துப் பாருங்கள். ஒரு பகுதியில் 3,000 கிலோ. இழுவிசை 5.9 கிலோநியூட்டன், ஒரு செயினில் 3 கூட இல்லை. 16பி செயினிலேயே காரணி இருபதைத் தொடுகிறது. மோட்டார் 1.5 கிலோவாட். முன்னால் இடம் காலியானால் மட்டும் அந்தப் பகுதி ஓடும், மற்றவை நிற்கும். பேலட்டும் பேலட்டும் இடிப்பதில்லை, ஒரு மோட்டார் கெட்டால் லைனின் ஆறில் ஒரு பங்குதான் நிற்கும். மோட்டார்கள் ஆறு ஆவதால் விலை ஏறுகிறதே என்று கணக்குப் பிரிவில் கேட்பார்கள். குழியின் ஆழமும் செயினின் அளவும் குறைவதை அவர்களுக்குச் சேர்த்துக் காட்டுங்கள்.

செயினால் ஓட்டப்படும் ரோலரில் உருளும் உராய்வுதான் இருக்கிறது. சமமான இரும்பு அடிச்சட்டத்துக்கு 0.05 என்று எடுத்துக்கொள்ளலாம். இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஒரு பகுதிக்கு 0.75 கிலோவாட் வைத்தாலே, நின்ற நிலையிலிருந்து கிளப்புவதற்கும் சேர்த்துத் தாராளம். ரோலரை எத்தனை மி.மீ.க்கு ஒன்று வைப்பது என்பதற்குப் பழைய விதி ஒன்று உண்டு: சுமையின் கீழ் எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று ரோலர் இருக்க வேண்டும். கனமான பேலட்டுக்கு அது போதாது. தரையும் சட்டமும் ஒருபோதும் கண்ணாடி மாதிரி சமமாக இருக்காது, ஆறு ரோலர் இருந்தால் மூன்றுதான் உண்மையில் சுமக்கும். 1,500 கிலோவை மூன்றால் வகுத்து, ஒரு ரோலருக்கு 500 கிலோ என்று எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கும் குழாய்க் கனத்தையும் ஷாஃப்டையும் கேளுங்கள். 89 மி.மீ. விட்டம், 150 மி.மீ. இடைவெளி என்பது இந்த எடைக்குப் பழகிய அளவு.

உங்கள் இடத்தில் ரோலர் பக்கம் நான் சாய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வார்ப்பு மணல், மெஷின் சில்லு, கூலன்ட் மூன்றும் சேர்ந்தால் நல்ல அரைக்கும் பசை ஆகிவிடும். பிளாஸ்டிக் பட்டையில் வழுக்கும் செயின் அந்தப் பசையில் தேயும் வேகம் பயங்கரமானது. ரோலரை ஓட்டும் செயினைப் பக்கவாட்டில் ஒரு பெட்டிக்குள் மூடி வைக்கலாம். சுமைக்கு அடியில் திறந்த செயின் கிடையாது. எதை வைத்தாலும் செயின் நீள்வதை அளந்துகொண்டே இருங்கள். 3 சதவீதம் நீண்டால் மாற்றிவிட வேண்டும். பத்து இணைப்பை அளந்தால் 16பி-யில் 254 மி.மீ. இருக்க வேண்டும், 261-ஐத் தாண்டினால் காலம் முடிந்தது. ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஐந்து நிமிடமும் போதும், எத்தனையோ இடங்களில் இதைச் செய்வதில்லை.

இப்போது குறுக்குப் பாதை. தரைக்குச் சமமாகப் போட்டுவிட்டால் ஃபோர்க்லிஃப்ட் மேலே ஏறிப் போகலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 3 டன் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே நான்கு டன்னைத் தாண்டும். முழுச் சுமையோடு ஏழு டன்னுக்கு மேல். அதில் ஏறக்குறைய எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் முன் அச்சில் விழும். ஆக ஒரு முன் டயரின் கீழ் மூன்று டன், பிரேக் போட்டால் இன்னும் அதிகம். 1,500 கிலோ பேலட்டுக்காகச் செய்த ரோலரின் மேல் அந்த ஒற்றை டயர் ஏறினால் ரோலர் ஒரே நாளில் வளையாது. பேரிங்கில் முதலில் ஒரு சின்னச் சத்தம் வரும், மூன்று மாதம் கழித்து நின்றுவிடும், என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது. குழியை மூடும் 6 மி.மீ. செக்கர்டு பிளேட்டும் அப்படித்தான். ஆள் நடக்க அது போதும். டயர் ஏற வேண்டுமென்றால் அடியில் நெருக்கமாகச் சட்டம் கொடுத்து, மூன்று டன் புள்ளிச் சுமைக்கு வளைவைக் கணக்கிட்ட தகடு வேண்டும்.

குறுக்குப் பாதையை லைனின் ஏதாவது ஒரு முனைக்கு அப்பால் தள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு வாரம் தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, எந்த வண்டி எதற்காகக் கடக்கிறது என்று எண்ணுங்கள். இந்த இரண்டு ஃபோர்க்லிஃப்ட்களும் இந்த வேலைக்காகவே கடக்கின்றன என்றால், கன்வேயர் வந்ததும் கடக்க வேண்டிய அவசியமே பாதியாகிவிடும். தள்ளவே முடியாது என்றால், அந்த மூன்று மீட்டருக்கு மட்டும் ரோலரை விட்டுவிட்டு இரட்டைச் செயினுக்கு மாறுங்கள். அகலமான குழிக்குப் பதிலாக, 150 மி.மீ. அகலத்தில் இரண்டு வாய்க்கால். நடுவில் திடமான கான்கிரீட். டயர் கான்கிரீட்டின் மேல் உருண்டு, இரண்டு குறுகிய இடைவெளிகளை மட்டும் தாண்டும். செயின் தரைக்கு மேல் 10 மி.மீ. நின்றால்தான் பேலட் நகரும், அதனால் டயர் அதை மிதிக்கத்தான் செய்யும். செயினுக்கு அடியில் இருக்கும் பட்டை மடித்த ஷீட்டின் மேல் இல்லாமல், கான்கிரீட்டில் புதைந்த கனமான எஃகின் மேல் படிந்திருக்க வேண்டும். ரோலரிலிருந்து செயினுக்கு, அதே திசையில்: மரப் பேலட்டாக இருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அடியில் செவ்வகச் சட்டம் இருந்தால் கவலையே இல்லை.

இன்னொரு ஏமாற்றமும் இதே இடத்தில் காத்திருக்கும். சமதரை என்றால் ஹேண்ட் பேலட் டிரக்கால் அப்படியே தள்ளிக்கொண்டு போய் வைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். முடியாது. அந்த வண்டியின் முன் உருளைகள் 80 மி.மீ. விட்டம், அவை ரோலர்களுக்கு நடுவில் இறங்கிவிடும். அதன் ஃபோர்க் (பேலட்டைத் தூக்கும் கரம்) தாழ்ந்தால் 85 மி.மீ., உயர்ந்தால் சுமார் 200. அதைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் ஏற்றும் இடத்தில் மட்டும் தரையிலிருந்து சுமார் 80 மி.மீ. உயரத்தில் மூன்று செயின் வரிசை வைத்து, அவற்றுக்கு நடுவில் ஃபோர்க் ஓடத் தரையை விட வேண்டும். நம் ஊரில் புழங்கும் 685 மி.மீ. அகல வண்டியில் ஃபோர்க் ஒவ்வொன்றும் 160, நடு இடைவெளி 365. நடுச் செயினின் சட்டம் அதற்குள் அடங்க வேண்டும். பேலட்டின் அடிப்பலகைத் திசையையும் சேர்த்து வரையாமல் இதற்கு ஒப்புதல் தராதீர்கள்.

குழிக்கு வருகிறேன். ரோலர் பகுதிக்கு 350 மி.மீ. ஆழம் போதும். அந்த ஆழத்தில் மோட்டாரை அடியில் வைத்து மேலே தகடு போட்டு மூடுவது சுலபமாகத் தோன்றும். நான் அப்படி ஒரு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். குழியின் வடிகால் குழாயை வெளியே இருந்த மழைநீர் வாய்க்காலில் சேர்த்திருந்தோம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பெய்த மழையில் வெளி வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி வந்தது. திங்கள் காலை நான்கு கியர் மோட்டார்கள் தண்ணீருக்கு அடியில் கிடந்தன. குழியின் அடிமட்டத்தையும் வெளி வாய்க்காலின் மேல்மட்டத்தையும் நான் ஒரே தாளில் வரைந்து பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. அன்றிலிருந்து குழிக்கு வெளி வடிகால் இணைப்பு கொடுப்பதில்லை. அடித்தளத்தில் நூற்றுக்கு ஒன்று சாய்வு, தாழ்ந்த முனையில் ஒரு சம்ப் (தண்ணீர் சேரும் சிறு தொட்டி), அதில் மிதவை சுவிட்ச் வைத்த சப்மெர்சிபிள் பம்பு. மோட்டார்களைக் குழிக்கு வெளியே, பக்கச் சுவரோரம் தரைக்கு மேல் தூக்கி, டிரைவ் செயினை மட்டும் கீழே இறக்குகிறேன். கேபிள் குழாய்களும் தண்ணீர் ஓடும் அடித்தளத்தில் போகக் கூடாது.

குழியின் விளிம்பில் ஆங்கிளை (எல் வடிவ இரும்பு) லக் (பிடிப்புக் கம்பி) வைத்துக் கான்கிரீட்டில் புதைக்கச் சொல்லுங்கள். வெறும் கான்கிரீட் விளிம்பு ஒரு வருடத்தில் உதிரும். கன்வேயரின் கால்கள் நிற்கும் இடங்களில் 40 மி.மீ. இடம் விட்டு, லெவல் பார்த்த பிறகு குரௌட் (இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவை) ஊற்றுங்கள். சிவில் வேலையில் 10 மி.மீ. வித்தியாசம் சாதாரணம், ரோலர் மேல்மட்டத்துக்கு 2 மி.மீ. கூட அதிகம். அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்வது குரௌட்தான். சில்லை வாரி எடுக்க ஓர் ஆள் குனிந்து கை விடும் அளவுக்கு இடமும், கழற்றக்கூடிய தகடுகளும் வேண்டும். தனியாள் தூக்க முடியாத தகட்டை யாரும் தூக்கிச் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

ஆழத்தை மிச்சம் பிடிப்பதால் வரும் இன்னொரு கேடு ஸ்லாட் கன்வேயரில் தெரியும். தரையே நகர்வது போல ஓடும் அந்த வகை வாகன அசெம்பிளியில் அதிகம். ஆளும் வண்டியும் அதன் மேலேயே நிற்பார்கள். 150 மி.மீ. பிட்ச் செயினுக்கு 6 பல் ஸ்ப்ராக்கெட் போட்டால் விட்டம் 300 மி.மீ.; 12 பல் போட்டால் 580. குழி ஆழத்தைக் குறைக்க 6 பல் போடுவார்கள். ஆனால் செயின் வட்டமாகச் சுற்றுவதில்லை, பலகோணமாகச் சுற்றுகிறது. 6 பல்லில் ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் 13 சதவீதம் ஏறி இறங்கும்; 12 பல்லில் மூன்றரை சதவீதம்கூட இல்லை. மேலே நின்று ஸ்க்ரூ முடுக்குகிறவரின் முழங்காலுக்கு அந்தத் துடிப்பு தெரியும். 1913-ல் ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு ஆலையினர் சேஸிஸை (காரின் அடிச்சட்டம்) தரையில் கயிறு கட்டித்தான் முதலில் இழுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் செயினுக்கு மாறினார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆன சேஸிஸ் வேலை 93 நிமிடத்துக்கு வந்தது. அந்தச் செயினின் நேர் வாரிசு இது. உங்களுக்கு இது வேண்டாம். பம்பு பாடியின் மேல் யாரும் நின்று வேலை செய்யப் போவதில்லை.

உருக்காலையில் 25 டன் எஃகுத் தகட்டுச் சுருளை நகர்த்த வேறு வழி இருக்கிறது. குழிக்குள் ஹைட்ராலிக்கால் இயங்கும் உத்தரம் சுருளைத் தூக்கி, ஒரு எட்டு முன்னால் வைத்து, தாழ்ந்து திரும்பி வரும். சுருள் எதன் மேலும் உரசி இழுபடாது. அழகான இயந்திரம், 1,500 கிலோவுக்கு அநாவசியம்.

குழியே வேண்டாமே, தானியங்கி வண்டி விடலாமே என்றும் உங்கள் நிர்வாகத்தில் யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஸ்வீடனில் கல்மார் நகரில் வால்வோ 1974-லேயே வழக்கமான அசெம்பிளி லைன் இல்லாமல், தரையில் புதைத்த கம்பியைப் பின்தொடரும் வண்டிகளில் கார்களை நகர்த்தியது. பாதை அடிக்கடி மாறும் இடத்துக்கு, பல இடங்களில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு அது சரி. உங்களுடையது ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு 18 மீட்டர். அதோடு அந்த வண்டிகளுக்குச் சுத்தமான, சமமான தரை வேண்டும். மணலும் எண்ணெயும் கிடக்கும் தரையில் சக்கரம் வழுக்கும், சென்சார் மறைக்கப்படும். கன்வேயர்தான் உங்களுக்குப் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாதுகாப்பில் தரைமட்டத்துக்கென்று தனி ஆபத்து இருக்கிறது: அது இயந்திரம் போலத் தெரியாது. இடுப்பு உயரத்தில் இருக்கும் கன்வேயரின் மேல் யாரும் நடக்க மாட்டார்கள். தரையில் இருப்பதன் மேல் டீ டம்ளரோடு நடப்பார்கள். பெரியவரின் கால் ரோலர் இடைவெளியில் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, லைன் நின்றிருந்தது. ரோலர்களுக்கு நடுவில் நிரப்புத் தகடு போடுங்கள், ரோலர் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக. நசுங்கும் இடங்களுக்கு ஐஎஸ்ஓ 13854 என்ற சர்வதேசத் தரநிலை தரும் அளவுகளை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: விரலுக்கு 25 மி.மீ., கால்விரலுக்கு 50, பாதத்துக்கு 120, காலுக்கு 180. இரண்டு நகரும் பாகங்களுக்கு நடுவில் ஒன்று அந்த அளவுக்கு மேல் விடுங்கள், அல்லது நுழையவே முடியாதபடி மூடுங்கள். பேலட் வந்து நிற்கும் முனையிலும், கம்பத்தோரமாகப் போகும் இடத்திலும்தான் பாதம் மாட்டும். இருபக்கமும் இழுப்புக் கயிறு சுவிட்ச் (இழுத்தால் லைன் நிற்கும்) வேண்டும். அதை விடுவித்தவுடன் லைன் தானாக ஓடக் கூடாது, தனியாக ஸ்டார்ட் அழுத்த வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் பூட்டக்கூடிய ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அந்தப் பகுதியின் அருகிலேயே இருக்கட்டும். பேனல் அறை வரை நடக்க வேண்டியிருந்தால் அவசரத்தில் நடக்க மாட்டார்கள். கட்டுமானத்தின்போது திறந்து கிடக்கும் குழிக்கும் வேலி போடுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 33-வது பிரிவில் தரைக் குழிகளை மூடவோ வேலியிடவோ சொன்னது. அது சிறு விஷயமாக எழுதப்பட்டதல்ல.

ஆக உங்கள் லைனுக்கு நான் வரைவது இப்படி இருக்கும்: மூன்று மீட்டர் வீதம் ஐந்து ரோலர் பகுதிகள், குறுக்குப் பாதையில் ஒரு இரட்டைச் செயின் பகுதி, எல்லாம் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வழியாக மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும்படி. குழி வேலையை மழைக்காலத்துக்கு முன்பே முடித்து, கான்கிரீட்டுக்கு 28 நாள் விட்டு, அதன் பிறகு இயந்திரத்தை இறக்குங்கள். ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று விஷயங்கள் அனுப்புங்கள்: தொட்டியைக் கவிழ்த்து எடுத்த படம், குறுக்குப் பாதையில் ஒரு வாரம் எண்ணிய கணக்கு, ஷெட்டுக்கு வெளியே இருக்கும் மழைநீர் வாய்க்காலின் மட்டம். குழியின் ஆழத்தை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.